ராஜா ஓரம் கட்டிய டம்பெல்

நடுத்தர வர்க்கத்து வீடுகளில் துணி காயப்போடுவதற்கென்று இருக்கும் சாதனங்களிலேயே அதிக விலை எதற்கு? கொடிக்கயிறு இல்லை. ஸ்டாண்ட் இல்லை. எக்சர்சைஸ் சைக்கிள்.

ஜனவரி முதல் வாரத்தில் வாங்குவார்கள். ஆர்வமாகத்தான் மிதிப்பார்கள். பிப்ரவரியில் முழங்கால் வலி. மார்ச்சில் ஆபீஸில் வருடக் கடைசி வேலை. ஏப்ரலில் பார்த்தால் ஹேண்டில்பாரில் ஈரத் துண்டு தொங்கும். பி.காம். படித்தவர்கள் இதற்கு டெப்ரிசியேஷன் என்று கணக்கு எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

சோம்பேறித்தனம் என்று திட்டிவிடுவது சுலபம். ஆனால் நிஜமான வில்லன் அது இல்லை. அலுப்பு. ஒரே அசைவை, ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே மாதிரி எத்தனை நாள் செய்வது? கடைசியில் அலுப்பைப் போக்க இன்னொரு கருவி வாங்குகிறோம். கொஞ்ச நாளில் அதுவும் அலுக்கிறது.

இந்த வியாதிக்கு நூற்றிருபது வருடத்துக்கு மேல் வயசு. இதற்கு மருந்து கண்டுபிடித்த கதையும் அதே அளவு பழசு. அதில் இரண்டு முல்லர்கள் வருகிறார்கள். ஒரு ராஜா வருகிறார். ஒரு விமானப் படைகூட வருகிறது.

முதல் முல்லரை உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் தெரியாது.

1867-ல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். அன்றைக்கு அது பிரஷ்யா, இன்றைக்கு ரஷ்யாவின் கலினின்கிராட். சர்க்கஸ், மல்யுத்தம் என்று ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு 1889-ல் லண்டன் மேடையில் ஏறினார். அங்கே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த ஒரு பலசாலியைச் சவாலில் ஜெயித்து ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கப் பிரபலமானார். மேடையில் அவர் பெயர் யூஜின் சாண்டோ.

ஆமாம், நம் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதே சாண்டோதான். ஓர் ஆளின் பெயர், பலசாலி என்பதற்கே இன்னொரு பெயராகிப்போனது.

வெறும் பலசாலி என்றால் பத்து வருடத்தில் மறந்திருப்பார்கள். சாண்டோ பெரிய வியாபாரியும்கூட. தன்னைப் பார்க்க டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் யார் என்று கவனித்திருக்கிறார். பெரும்பாலும் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள். காலை முதல் மாலை வரை நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதுகிறவர்கள். தொழிற்சாலைப் புகை மண்டிய நகரத்தில், ஒற்றை அறையில் வாழ்கிறவர்கள். இவர்களுக்கு ஜிம்முக்குப் போக நேரம் இல்லை. சரி, ஜிம்மை வீட்டுக்கே அனுப்பிவிட்டால்?

அனுப்பினார். கதவில் மாட்டி இழுக்கிற ரப்பர் கயிறு. அதற்கு டெவலப்பர் என்று பெயர். பிறகு ஸ்பிரிங் டம்பெல். டம்பெல்லை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து நடுவில் ஸ்பிரிங்குகள் வைத்த சமாசாரம் அது. கையை வீசும்போதே பிடியை இறுக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். பலம் கூடக் கூட ஸ்பிரிங்கை அதிகமாக்கலாம். சும்மா சொல்லக் கூடாது, புத்திசாலித்தனமான ஏற்பாடு. மனசு எங்கேயோ இருக்க, கை மட்டும் ஆடுகிற பேச்சே இல்லை. அலுப்புதான் எதிரி என்பது அவருக்கும் புரிந்திருக்கிறது.

கூடவே புத்தகம், மாதப் பத்திரிகை, தபால் வழிப் பயிற்சி, லண்டனில் ஒரு பயிற்சிக்கூடம். பிற்பாடு சாண்டோ பிராண்ட் கோகோகூட வந்தது. 1901-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். 1904-05-ல் கல்கத்தா, பம்பாய் என்று இந்தியாவுக்கும் வந்துவிட்டுப் போனார்.

ஆனால் அவர் வந்து இறங்குவதற்கு முன்பே அவருடைய சரக்கு இந்தியாவில் இறங்கிவிட்டது. அதை வாங்கியவர்களில் ஒருவர் ராஜ வீட்டுப் பிள்ளை. அவரிடம் பிறகு போகலாம். அதற்கு முன்னால் இரண்டாவது முல்லர்.

*

யோர்கன் பீட்டர் முல்லர். டென்மார்க்காரர். 1866-ல் பிறந்தார். சாண்டோவுக்கு ஒரு வயது மூத்தவர், உறவு எதுவும் கிடையாது. பிறக்கும்போது சுருட்டுப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிற அளவு சின்னக் குழந்தையாம், அவரே எழுதியிருக்கிறார். நோஞ்சானாக ஆரம்பித்தவர், வளர்ந்ததும் ஓட்டம், நீச்சல், படகு என்று இறங்கிப் பரிசுகளை வாரிக் குவித்தார். தொழில் இன்ஜினீயர்.

1900-களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் வேய்லே ஃபியோர்டில் இருந்த காசநோய் சானடோரியம் ஒன்றில் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். காசநோய்க்கு அன்றைக்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். அதுவரை டாக்டர்களால் எழுதிக் கொடுக்க முடிந்ததெல்லாம் நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு. நகரத்து இருட்டு அறைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். பலர் திரும்பிப் போக மாட்டார்கள்.

அந்த வேலையில் இருந்தபோதுதான், 1904-ல், முல்லர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தலைப்பு: 'என் முறை'. உள்ளே அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பெரிய புஜம் எதற்கு? நுரையீரலும் இதயமும் தோலும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதற்கு டம்பெல் வேண்டாம். தினம் பதினைந்து நிமிடம் போதும்.

மொத்தம் 18 பயிற்சிகள். முதலில் எட்டு. பிறகு குளியல். துடைத்துக்கொண்டு இன்னும் பத்து. இந்தப் பத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. உடம்பை வளைத்துத் திருப்பிக்கொண்டே உள்ளங்கையால் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். கருவி என்று எடுத்தால் உங்கள் கைதான். ஒரு பயிற்சி சுலபமாகிவிட்டதா? அதே பயிற்சியின் அடுத்த கஷ்டமான நிலைக்குப் போக வேண்டும். வாங்க வேண்டியது ஒன்றும் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

புத்தகம் விற்றது பாருங்கள், அப்படி ஒரு விற்பனை. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. பெண்களுக்குத் தனியாக, குழந்தைகளுக்குத் தனியாக என்று அடுத்தடுத்துப் போட்டார். ஜெர்மன் மொழியில் 'முல்லர் செய்வது' என்கிற அர்த்தத்தில் ஒரு வினைச்சொல்லே உண்டாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி முல்லர் செய்தவர்களில் ஒருவர் பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒல்லியான இளைஞர். ராத்திரி எழுதுவார், பகலில் ஃபைல் பார்ப்பார், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முல்லர் செய்வார். காதலிக்கு எழுதிய கடிதங்களில்கூட, பெண்களுக்கான முல்லர் பயிற்சியை நீயும் செய்யேன் என்று நச்சரித்தார். அவர் பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா. மனிதன் பூச்சியாக மாறிவிடுகிற கதை எழுதினாரே, அவரேதான்.

1917-ல் காஃப்காவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. 1924-ல் இறந்துபோனார். வயது 40. உடற்பயிற்சி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் எப்படிப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடையாது. குமாஸ்தா வேலை, சின்ன அறை, பலவீனமான உடம்பு. ஒரு நாளில் தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கிற நேரம் அவ்வளவுதான்.

ஆச்சா? ஒரு முல்லர் ஸ்பிரிங் விற்றார். இன்னொரு முல்லர், ஸ்பிரிங் வேண்டாம் என்று எழுதிய புத்தகத்தை விற்றார். இரண்டில் எது ஜெயிக்கும்?

இதற்கு ஒருவர் சொந்த உடம்பில் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் நம் நாட்டில்.

*

மகாராஷ்டிரத்தில் சதாரா பக்கம் அவுந்த் என்று ஒரு குட்டி சமஸ்தானம். அந்த வீட்டுப் பிள்ளை பவன்ராவ் பந்த் பிரதிநிதி. பிறந்தது 1868-ல். பி.ஏ. படித்தவர். பிரமாதமாகப் படம் வரைவார். 1909-ல் ராஜாவானார்.

1897 வாக்கில் இவர் சாண்டோவின் கருவிகளையும் புத்தகங்களையும் லண்டனிலிருந்து வரவழைத்தார். வாங்கி வைத்துவிட்டுத் துணி காயப்போடவில்லை. சுமார் பத்து வருடம் விடாமல் செய்தார். இதைக் கவனிக்க வேண்டும். கருவியை மூன்று மாதத்தில் மூலையில் போட்டவன், கருவி பிரயோஜனம் இல்லை என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். பத்து வருடம் செய்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

1908-ல் மீரஜ் சமஸ்தானத்து ராஜா ஒரு யோசனை சொன்னார். சூரிய நமஸ்காரம் செய்து பாருங்களேன்.

புது விஷயமே இல்லை. மராட்டியப் பகுதியில் வழிவழியாக இருந்து வந்ததுதான். அவுந்த் ராஜாவின் அப்பாவே செய்துகொண்டிருந்தார். கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டு லண்டனிலிருந்து பார்சல் வரவழைத்திருக்கிறார். பிள்ளைகள் எந்தக் காலத்திலும் பிள்ளைகள்தான்!

டம்பெல்லை ஓரம் கட்டினார் ராஜா. காசில்லாமல் இல்லை. அதைவிட நல்லது கிடைத்துவிட்டது என்று நினைத்ததால்.

அவர் வகுத்த முறையில் ஒரு சுற்றுக்குப் பத்து நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் மூச்சுக் கணக்கு உண்டு. குனிகிறோம், ஒரு காலைப் பின்னால் நீட்டுகிறோம், உடம்பின் எடையைக் கையில் தாங்குகிறோம், முதுகைப் பின்னால் வளைக்கிறோம், மறுபடி எழுகிறோம். சாண்டோ முறையில் ஒரு தசைக்கு ஒரு பயிற்சி, அடுத்த தசைக்கு அடுத்த பயிற்சி. இங்கே ஒரே சுற்றில் தலை முதல் கால் வரை எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிடுகிறது. ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்.

ராஜா தன்னோடு நிறுத்தவில்லை. ராணியும் செய்தார். சமஸ்தானத்துப் பள்ளிக்கூடங்களில் பையன்கள், பெண்கள் எல்லோருக்கும் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1928-ல் புத்தகம் போட்டார். ஏழைச் சமஸ்தானம். அத்தனை பிள்ளைகளுக்கும் டம்பெல் வாங்கிக் கொடுக்க கஜானா எங்கே தாங்கும்? பாய் எல்லார் வீட்டிலும் இருந்தது.

க்ளைமாக்ஸ் இனிமேல்தான். 1936-ல் ராஜா லண்டனுக்குப் போனார். அங்கே லூயிஸ் மார்கன் என்கிற பெண் பத்திரிகையாளர் அவரைச் சந்தித்தார். அறுபதைத் தாண்டிய மனிதரின் உடம்பைப் பார்த்து அசந்துபோய் 'நியூஸ் க்ரானிக்கிள்' தினசரியில் எழுதித் தள்ளினார். 1938-ல் அவரே தொகுத்து, சூரிய நமஸ்காரத்தைப் பத்து நிலை ஆரோக்கிய வழியாகச் சொல்லும் இங்கிலீஷ் புத்தகம் லண்டனிலேயே வெளிவந்தது. லண்டனிலிருந்து அவுந்துக்கு டம்பெல் வந்தது. நாற்பது வருடம் கழித்து அவுந்திலிருந்து லண்டனுக்கு நமஸ்காரம் போனது. கணக்கு நேராகிவிட்டது.

*

சரி, சூரிய நமஸ்காரமும் அலுத்துப்போனால்?

நியாயமான கேள்வி. இதற்கான பதில் கனடாவில் கிடைத்தது.

1950-களில் கனடா விமானப் படைக்கு ஒரு தலைவலி. விமானிகளில் கணிசமான பேர் உடல் தகுதியில் தேறவில்லை. அவர்களில் பலருக்கு வட துருவத்துப் பக்கம் அத்துவான முகாம்களில் வேலை. வெளியே பனி. ஜிம் கிடையாது, கருவி கிடையாது. தினமும் அரை மணி ஒதுக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதும் கிடையாது.

வில்லியம் ஆர்பன் என்கிற உடற்பயிற்சி நிபுணரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் தயாரித்தது 5பிஎக்ஸ். ஐந்து அடிப்படைப் பயிற்சிகள் என்பதன் சுருக்கம். குனிந்து தரையைத் தொடுவது, படுத்து எழுவது, குப்புறப் படுத்து முதுகைத் தூக்குவது, தண்டால், நின்ற இடத்தில் ஓட்டம். முதலாவதுக்கு 2 நிமிடம், அடுத்த மூன்றுக்குத் தலா 1 நிமிடம், ஓட்டத்துக்கு 6 நிமிடம். ஆகமொத்தம் 11 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை.

இதில் என்ன வெரைட்டி என்று தோன்றும். அங்கேதான் ஆர்பனின் மூளை வேலை செய்திருக்கிறது. மொத்தம் ஆறு அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு படி. ஆக 72 படிகள். அதே 11 நிமிடத்துக்குள் எண்ணிக்கை மெல்ல மெல்லக் கூடும். ஓர் அட்டவணையை முடித்து அடுத்ததற்குப் போனால் பயிற்சியின் ரூபமே மாறும். உதாரணத்துக்குத் தண்டால். முதல் அட்டவணையில் முழங்கால் தரையில் இருக்கும், மேல் உடம்பை மட்டும் தூக்கினால் போதும். ஆறாவது அட்டவணைக்கு வந்தால், தண்டால் எடுத்து எம்பி, கை அந்தரத்தில் இருக்கும்போதே மார்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பத் தரையில் ஊன்ற வேண்டும்!

அதே தரை, அதே ஆள், அதே நிமிடக் கணக்கு. ஆனால் நேற்று செய்தது இன்றைக்கு இல்லை. எந்த வயதுக்காரர் ஒரு படியில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்றுகூடப் போட்டிருந்தார்கள். பெண்களுக்குத் தனியாக 12 நிமிடத்தில் பத்துப் பயிற்சிகள் வந்தன. விமானிகளுக்காக எழுதிய சின்னப் புத்தகம், பொதுமக்கள் கைக்கு வந்ததும் லட்சக்கணக்கில் விற்றது.

ஒரு எச்சரிக்கை. காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு விருட்டென்று எழுந்து உட்காருவது, குனிந்து எம்பி எம்பித் தரையைத் தொடுவது இரண்டையும் இன்றைய நிபுணர்கள் சிபாரிசு செய்வதில்லை. முதுகுக்கு ஆகாது. பயிற்சியை விட்டுவிட்டு ஐடியாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐடியா இன்னமும் செல்லும். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. மூச்சு வாங்குகிற கடும் உழைப்பு என்றால் 75 நிமிடத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது. 11 நிமிடத்தை ஏழால் பெருக்கிப் பாருங்கள். 77.

*

அமெரிக்காவில் இன்னொருத்தர் வேறு ரூட்டில் வந்தார். ஜாக் லாலேன். 1951-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் டிவி நிகழ்ச்சி ஆரம்பித்தார். யார் பார்ப்பார்கள்? பகலில் வீட்டில் இருக்கிற பெண்கள். அவர்கள் வீட்டில் என்ன இருக்கும்? நாற்காலி, துண்டு. தீர்ந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கு, அதில் உட்கார்ந்து எழு, துண்டை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பு. குழந்தைகள் சேனலை மாற்றாமல் இருக்க ஒரு வெள்ளை நாயையும் கூட்டிக்கொண்டு வந்தார். 1980-கள் வரை அந்த நிகழ்ச்சி ஓடியது. நடுவில் அவரும் இழுக்கிற ரப்பர் கயிறு ஒன்றை விற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாண்டோவின் ஆவி லேசில் விடாது.

1980-களின் கடைசியில் அட்லாண்டாவில் ஜின் மில்லர் என்கிற பயிற்சியாளருக்கு முழங்காலில் அடி. பால் க்ரேட் மாதிரி ஒரு பெட்டி மேல் ஏறி இறங்கிக் கால் தசையைப் பலப்படுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். வீட்டு வாசற்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தவர், சும்மா ஏறுவானேன் என்று பாட்டைப் போட்டு, பக்கவாட்டில், திரும்பி, தாண்டி என்று விதவிதமாக ஏறினார். அதுதான் ஸ்டெப் ஏரோபிக்ஸ். ரீபாக் கம்பெனி அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பலகை செய்து உலகம் பூராவும் விற்றது. எல்லார் வீட்டு வாசலிலும் இலவசமாகக் கிடக்கிற படியை!

நூறு வருடக் கதையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது அல்லவா? வழியில்லாத ஒருத்தர், கைக்குக் கிடைத்ததை வைத்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். நோயாளிகள் நடுவே வேலை பார்த்தவர், பனியில் மாட்டிக்கொண்ட விமானி, முழங்காலில் அடிபட்ட பெண். பின்னாலேயே ஒரு கம்பெனி வந்து அதைப் பெட்டியில் போட்டு விலைச்சீட்டு ஒட்டுகிறது. கம்பெனி மேல் தப்பில்லை. வியாபாரம் அப்படித்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது கருவி மட்டும்தான். வெரைட்டி உள்ளே இல்லை. அது அசைவை மாற்றுவதில் இருக்கிறது. வேகத்தை மாற்றலாம், எண்ணிக்கையை மாற்றலாம், வரிசையை மாற்றலாம். சுவரில் கை ஊன்றிச் செய்கிற தண்டால், மேஜையில் ஊன்றினால் வேறு, தரையில் ஊன்றினால் வேறு. ஒன்றே மூன்றாகிவிட்டது. செலவு? சைபர்.

எடைதான் வேண்டும் என்கிறீர்களா? சாண்டோ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வெறும் தரையை வைத்துக்கொண்டு இழுக்கிற தசைகளுக்கு வேலை கொடுப்பது கஷ்டம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. துணிப்பையில் அரிசியைப் போட்டால் இரண்டு, மூன்று, ஐந்து கிலோ என்று இஷ்டப்படி ஏற்றலாம். குனிந்து முதுகை நேராக வைத்துக்கொண்டு பையை இடுப்புப் பக்கம் இழுத்தால் முதுகுத் தசைக்கு வேலை. ஒரே ஒரு நிபந்தனை: எடுத்த எடுப்பில் இருபது லிட்டர் கேனில் கை வைக்கக் கூடாது. நாற்காலியில் செய்கிறவர்கள் அதைச் சுவரோரம் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. சாண்டோ 1925-ல் இறந்தபோது வயது 58. டென்மார்க் முல்லர் 1938-ல் போனார், வயது 72. அவுந்த் ராஜா 1951 வரை இருந்தார், எண்பதைத் தாண்டிவிட்டார். நாற்காலி ஜாக் லாலேன் 2011-ல் போகும்போது வயது 96. இதை வைத்து ஸ்பிரிங் ஆயுளைக் குறைக்கும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனால் லாலேன் கடைசி வரை பயிற்சியை நிறுத்தவே இல்லை. அந்த நாற்காலி அவருக்கு அலுக்கவில்லை. நாற்காலியில் விசேஷம் எதுவும் கிடையாது. உங்கள் வீட்டில் கிடப்பதும் அதே ஜாதிதான்.